த்ருஷ்யம்: தேதியை நகர்த்திய கேபிள்காரர்

போன மாதம் மூன்றாம் தேதி நம்ம வொர்க்‌ஷாப்பில் என்ன ஜாப் செய்தோம்? சொல்லுங்க பார்ப்போம்! வராது. ஆனால் வெல்டிங் ஷாப்பில் தீப்பொறி தெறித்து யார் சட்டை பொசுங்கியது என்று கேட்டால் மொத்த வகுப்பும் கோரஸாகச் சொல்லும். காட்சி மனசில் நிற்கும், தேதி நிற்காது. இந்த ஒரே விஷயத்தின் மேல்தான் ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் ‘த்ருஷ்யம்’ படத்தைக் கட்டினார். (இன்னும் பார்க்காதவங்க பக்கத்தைப் புரட்டிடுங்க. கதையை மறைத்து இதை எழுத முடியாது.)

ஜார்ஜ்குட்டி இடுக்கி மாவட்டத்து கேபிள் டி.வி. ஆபரேட்டர். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தது ராத்திரி முழுக்க ஓடும் சினிமா. ஐ.ஜி. கீதா பிரபாகரின் மகன் வருண், ஜார்ஜ்குட்டியின் மூத்த மகளைக் குளியலறையில் படமெடுத்து மிரட்டுகிறான். கைகலப்பில் அவள் அடித்த அடியில் செத்தும் போகிறான். அப்பா வீட்டில் இல்லாத நேரம்.

இனிமேல்தான் விஷயமே. சம்பவத்துக்குப் பிறகுதான் குடும்பம் தொடுபுழாவுக்குப் போகிறது. தியானம், லாட்ஜ், ஓட்டல், சினிமா. எல்லாமே நிஜமாகப் போன இடங்கள். பொய் ஒன்றே ஒன்று, தேதி! கொஞ்ச நாள் கழித்து அதே ஆட்களைத் திரும்பப் போய்ப் பார்த்து, “அன்னிக்கு ரெண்டாம் தேதி வந்தோமே” என்று பேச்சுவாக்கில் போட்டுவைக்கிறார். போலீஸ் கேட்கும்போது சாட்சிகள் பொய் சொல்வதில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். பொய்சாட்சியை மிரட்டி உடைக்கலாம். நம்புகிற சாட்சியை என்ன செய்வது? கீதா இதைக் கண்டுபிடித்தும் கையில் ஆதாரம் இல்லை. கடைசியில் கான்ஸ்டபிள் சகதேவன் சின்னப் பெண்ணை அடித்து, புதைத்த இடத்தைச் சொல்ல வைக்கிறான். தோண்டினால் கன்றுக்குட்டி! வருண் இருப்பது கட்டி முடிக்காத புது போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கடியில்.

2014-ல் கன்னடத்தில் ரவிச்சந்திரன், தெலுங்கில் ஸ்ரீப்ரியா இயக்கத்தில் வெங்கடேஷ். 2015-ல் தமிழில் ‘பாபநாசம்’, இந்தியில் அஜய் தேவ்கன். 2017-ல் சிங்களத்தில் ‘தர்மயுத்தய’. ஒரே மோட்டாரை வேறு வேறு மெஷினில் மாட்டின மாதிரிதான், பூட்டு எல்லாவற்றிலும் அதேதான். மாறுவது அப்பா. வருணின் பெற்றோர் முன்னால் நிற்கும் கடைசிக் காட்சியை வரிசையாகப் போட்டுப் பாருங்க. மோகன்லால் பாதியை உள்ளேயே வைத்துக்கொள்கிறார். நெல்லைத் தமிழ் பேசும் சுயம்புலிங்கமாக வரும் கமல் உடைந்து அழுகிறார். அஜய் தேவ்கன் இறுகிய முகத்தோடே நிற்கிறார். என் ஓட்டு மோகன்லாலுக்குத்தான். கமல் ரசிகர்கள் ஹாஸ்டலில் என்னைத் தேடவேண்டாம்!

பெரிய மாற்றம் 2019-ல் வந்த சீனப் படத்தில். கதை தாய்லாந்தில் நடக்கிறது, தியானத்துக்குப் பதில் குத்துச்சண்டைப் போட்டி. சீனாவில் வெளியான பதிப்பில் அப்பா கடைசியில் சரணடைந்துவிடுகிறார். பார்த்தபோது சப்பென்று இருந்தது. ஆனால் நாம ஏன் அவர் தப்பிக்கணும்னு ஆசைப்பட்டோம்? மிரட்டியவன் வருண்தான், சந்தேகமில்லை. அவனைப் பெற்றவர்கள் கேட்டது தண்டனைகூட இல்லை, பையன் உயிரோடு இருக்கிறானா என்ற ஒரு பதில்.

அந்தக் கணக்கை ஜீத்து ஜோசப்பும் மறக்கவில்லை. 2021 பிப்ரவரியில், கொரோனா காலத்தில், தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது ‘த்ருஷ்யம் 2’. ஆறு வருஷம் ஓடியிருக்கிறது. ஜார்ஜ்குட்டி இப்போது தியேட்டர் முதலாளி. மூத்த மகளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பதியே மாறுவேடப் போலீஸ். ஸ்டேஷன் தரையைத் தோண்டி எலும்பையும் எடுத்துவிடுகிறார்கள். டி.என்.ஏ. பொருந்தவில்லை! அதற்கும் முன்பே ஆள் பிடித்து எலும்பை மாற்றியிருக்கிறார் மனுஷர். இந்த இடம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படிதான், முதல் படத்துத் தேதி விளையாட்டின் எளிமை இதில் இல்லை. இருந்தாலும் முடிவில் வருணின் சாம்பல் அவன் பெற்றோர் கைக்குப் போய்ச் சேருகிறது. எட்ட நின்று அதைப் பார்க்கிறார் ஜார்ஜ்குட்டி, ஒரு வார்த்தை பேசாமல்.