சமக்குறிகள் ஒரே நேர்கோட்டில்

(20 + 3)² என்பதை 400 + 9 = 409 என முடித்துவிடும் மாணவர்கள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. நடு உறுப்பு விடுபடுகிறது. அதனால் திருவரங்கத்தில் எட்டாம் வகுப்புக்கு நான் தயாரிக்கும் பயிற்சித்தாளில் ஒரு படிக்கு ஒரு வரி. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்று:

23²
= (20 + 3)²
= 20² + (2 × 20 × 3) + 3²
= 400 + 120 + 9
= 529

வரிக்கு வரி ஒப்பிடும் கண்ணுக்கு 120 தப்பாது.

தட்டச்சில் இடைவெளி விசையைத் தட்டிச் சமக்குறிகளை நேராக்க வேண்டாம். எழுத்துரு மாறினாலே, திருச்சியில் நகலெடுக்கும் கடைக் கணினியில் அனைத்தும் கலைந்துவிடும். வேர்டில் ஆல்ட், = விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். ஒவ்வொரு படியின் முடிவிலும் ஷிஃப்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு எல்லா வரிகளையும் தேர்வு செய்து, வலப்பக்கச் சொடுக்கில் வரும் ‘அலைன் அட் =’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேடெக் பயன்படுத்துவோர் ‘அலைன்’ சூழலில் சமக்குறிக்கு முன் & இட்டு, வரி முடிவில் இரு பின்சாய்வுக் கோடுகள் இட்டால் போதும்.

மெல்லக் கற்கும் மாணவர் அச்சில் பார்ப்பதையே விடைத்தாளிலும் எழுதுவார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இறுதி விடை தவறினாலும், சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு.