உங்களுக்குத் தெரியுமா? அணை விடும் ஏப்பம்

புகைபோக்கி கிடையாது, கரி கிடையாது, சாம்பல் கிடையாது. நீர்மின்சாரம் என்றாலே சுத்தம் என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிட்டது. நார்வேயில் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீரிலிருந்துதான். பிரேசிலில் பாதிக்கு மேல். ஆனால் மீத்தேன் கணக்கு என்று வந்தால் இரண்டு நாட்டு அணைகளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

◆ குளத்துச் சேற்றில் கால் வைத்ததும் குபுகுபுவென்று குமிழ் வருமே, அதில் இருப்பது மீத்தேன். இலை தழை காற்றுப் படாமல் தண்ணீருக்கடியில் அழுகும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. 20 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல 80 மடங்கு சூடேற்றும்.

◆ பிரேசிலில், அமேசான் காட்டுக்குள் இருக்கும் மனௌஸ் நகருக்காகக் கட்டியது பால்பினா அணை. 1987-இல் மதகை அடைத்தார்கள், காட்டைப் பெரும்பாலும் வெட்டாமலே. தட்டையான நிலம், தண்ணீர் உயராமல் பக்கவாட்டில் பரவி 2,360 சதுர கிலோமீட்டரை விழுங்கியது. மேடுகளெல்லாம் தீவாகி, 3,500-க்கும் மேல் தீவுகள். செத்த மரங்களின் மொட்டைத் தண்டுகள் நீருக்கு மேல் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனையும் எதற்கு? 250 மெகாவாட்டுக்கு. அதுவும் முழுத் திறனில் ஓடினால்!

◆ நார்வேயின் பிளோஷோ நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். சுற்றிலும் மொட்டைப் பாறை, கொஞ்சம் மண், நிறையக் குளிர். அழுகக் காடும் இல்லை, அழுகவைக்கும் வெயிலும் இல்லை. பரப்பு 80 சதுர கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் க்வில்டால் மின்நிலையத்தின் திறன் 1,240 மெகாவாட். ஒரு மெகாவாட்டுக்கு இங்கே 16 ஏக்கர் என்றால், பால்பினாவில் சுமார் 2,300 ஏக்கர்.

◆ பழைய மரம் அழுகித் தீர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடாதா? அடங்காது. கோடையில் நீர் வற்றிய கரைச் சேற்றில் செடி கொடி மண்டும். மழைக்காலத்தில் அது மறுபடி மூழ்கும். நுண்ணுயிர்களுக்கு வருஷா வருஷம் புதுச் சாப்பாடு.

◆ ஏரியின் மேல்பரப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. அடித்தண்ணீரில் மீத்தேன் அழுத்தத்தில் கரைந்து கிடக்கிறது. டர்பைனுக்குப் போவது அந்தத் தண்ணீர்தான். வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப்போகும். கோலி சோடாவைத் திறந்ததுபோல வாயு சீறிக் கிளம்பும். மனௌஸில் இருந்து ஆய்வு செய்யும் பிலிப் ஃபெர்ன்சைடு இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். பால்பினாவுக்குப் பதில் நிலக்கரி எரித்திருந்தாலே சூடு குறைவாகத்தான் இருந்திருக்கும் என்கின்றன ஆய்வுகள்.

◆ எல்லா அமேசான் அணைகளும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டுக்குருயி அணை சுமார் 2,850 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. கொடுப்பது 8,370 மெகாவாட். மீத்தேன் அங்கேயும் உண்டு, ஆனால் பங்கிட ஏராளமான யூனிட் இருக்கிறது.

◆ நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் வாயுக் கணக்கில் அணை மீத்தேன் மின்சாரத் தலைப்பில் வராது. ‘நிலப் பயன்பாடு’ என்ற பக்கத்தில் மூழ்கிய நிலத்தோடு சேரும். மின்துறை கையைக் கழுவிக்கொள்ள நல்ல வசதி.

◆ நார்வேயை ரொம்பவும் மெச்சவேண்டாம். வீட்டுக்கு விளக்கேற்றத் தண்ணீர். ஐரோப்பாவுக்குக் குழாய் வழியே விற்பது இயற்கை எரிவாயு. அதுவும் மீத்தேன்தான்!

◆ 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் ஒருவர் குச்சியால் சேற்றைக் கிளறி, குமிழ்களைப் பாட்டிலில் பிடித்து, தீ வைத்துப் பார்த்தார். மீத்தேனை முதலில் பிரித்தெடுத்தவர் அவர். பிறகு மின்கலத்தையும் அவரே செய்தார். பெயர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. நம் வீட்டு ‘வோல்ட்டேஜ்’ அவர் பெயர்தான்.