ஒரு குரோமியம் சாது... இன்னொன்று விஷம்! ராணிப்பேட்டை மண் சொல்லும் பாடம்

மழை பெய்தால் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் வழிந்து ஓடும். ராணிப்பேட்டை சிப்காட் பகுதி மக்கள் பல வருடங்களாகப் பார்த்த காட்சி இது!

1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுதான் காரணம். அதன் அளவு லட்சம் டன்னுக்கும் மேல். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் அமைப்பு வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

'மண்ணில் குரோமியம் இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த குரோமியம் என்பதுதான் முக்கியம்.

நாம் அணியும் லெதர் செருப்பு, பெல்ட்டில்கூட பெரும்பாலும் குரோமியம் உண்டு. அது 'குரோமியம் 3' வகை. மண்ணில் கலந்தாலும் எளிதில் கரையாது, பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கிடக்கும். 'குரோமியம் 6' அப்படியல்ல. தண்ணீரில் கரைந்து கிணறு வரை போகும். மஞ்சள் நிறம் தருவது இதுதான். தூசியாகச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வழக்கமான சோதனையில் மண்ணை வீரியமான அமிலத்தில் கரைத்து, மொத்த குரோமியத்தை அளப்பார்கள். இதில் எந்த வகை எவ்வளவு என்று தெரியாது. அதனால், காரத்தன்மையுள்ள கரைசலில் மண்ணைச் சூடாக்கி, 'குரோமியம் 6'-ஐ மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அதில் அமிலமும் டைஃபீனைல்கார்பசைடு என்ற ரசாயனமும் சேர்த்தால் செவ்வூதா நிறம் வரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் விஷமும் அதிகம் என்று அர்த்தம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்பு சல்பேட், 'குரோமியம் 6'-ஐ 'குரோமியம் 3' ஆக மாற்றிவிடும். மாசடைந்த மண்ணைச் சுத்தம் செய்யும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் மொத்த குரோமியத்தின் அளவு மாறாது. வகை பிரித்துப் பார்த்தால்தான் விஷம் நீங்கியதா என்று தெரியும்.

இதை மறக்காதீங்க!

குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பதுதான் மொத்த குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு. அதைத் தாண்டினாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியலாம். கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

தோல், குரோமேட் தொழிற்சாலைகள் உள்ள ஊரில் வசிக்கிறீர்களா? கிணறு, போர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது, "ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் தனியாக எவ்வளவு?" என்று கேளுங்கள். 'குரோமியம் 6'-க்கு லேபில் அதுதான் பெயர்.