சிறகில்லாமல் பறப்பவர்கள்

மாமல்லபுரத்து அருச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள் முதலில் யானைகளைப் பார்ப்பார்கள். பிறகு தவம் செய்யும் பூனையைத் தேடுவார்கள். தலையை இன்னும் கொஞ்சம் தூக்கினால், கந்தர்வர்கள் ஜோடி ஜோடியாக நடுப்பிளவை நோக்கிப் பறந்து வருவது தெரியும். ஒருவருக்கும் சிறகு இல்லை.

7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் சிறகு வைக்காததும் நல்லதுதான்; ஒரு கணக்குப் போட்டால் புரியும். பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைப் படையலுக்கு வந்துபோன இரண்டு 'கழுகுகள்' மஞ்சள்முகப் பாறு என்ற இனம். எடை சுமார் 2 கிலோ. விரித்த சிறகு சுமார் 1.6 மீட்டர். 60 கிலோ மனிதர் அதைவிட 30 மடங்கு கனம். அதே லாவகத்தோடு மிதக்க, சிறகின் பரப்பும் 30 மடங்காக வேண்டும். நீளம் அதன் வர்க்கமூலம்: ஐந்தரை மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 9 மீட்டர்! ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள பாறையில் மூன்று பேரோடு வானம் நிரம்பிவிடும். சிறகை அடிக்கத் தசை வேறு வேண்டும். பறவையின் மார்பெலும்பு படகின் அடிக்கட்டை மாதிரி துருத்தியிருக்கும். பறக்கும் தசை பற்றுவது அதில்தான். நமக்கு அது தட்டை.

சிற்பி வேறு வழி பிடித்தார். ஒரு கந்தர்வரை மட்டும் உற்றுப் பாருங்கள். முழங்கால் மடங்கி, குதிகால் பின்னால் எழும்பியிருக்கிறது. உடல் சாய்ந்திருக்கிறது. பாதத்துக்கு அடியில் தரை என்று ஒரு கோடுகூட இல்லை. இப்படி யாராலும் நிற்க முடியாது. அதனால் மிச்ச அசைவை நம் மூளையே சேர்த்துக்கொள்கிறது. கீழே காலூன்றி நிற்கும் யானைகளின் கனமும் மேலே இருப்பவர்களை இன்னும் லேசாக்குகிறது. பறவையையும் சிற்பிகள் அடியோடு விட்டுவிடவில்லை: இதே பாறையில் இடுப்புக்குக் கீழே பறவையாக இருக்கும் கின்னரர்கள் உண்டு.

பழைய இத்தாலியின் எட்ருஸ்கர்கள் இதற்கு நேர் எதிர். வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தில் சிறகுள்ள தெய்வப் பெண்களைக் கீறி வைத்தார்கள். வுல்ச்சி என்ற ஊரில் கிடைத்து, இப்போது வத்திக்கானில் இருக்கும் ஒரு கண்ணாடி கி.மு. 400 வாக்கில் செய்தது. அதில் தாடிக்காரக் குறிசொல்லி கால்காஸ் முதுகில் பெரிய சிறகுகளோடு இருக்கிறார். ஆனால் பறக்கவில்லை. ஒரு காலைப் பாறைமேல் தூக்கி வைத்து, பலிவிலங்கின் ஈரலைக் கையில் ஏந்தி, குனிந்து சகுனம் பார்க்கிறார். தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவே போய்வருகிறவர் என்று காட்டத்தான் அந்தச் சிறகு என்கிறார்கள் ஆய்வாளர்கள்.