அல்பிரசோலம்: பாதுகாப்பான பயன்பாடு

அல்பிரசோலம் என்பது கடும் மனப்பதற்றத்தையும் பீதித் தாக்கத்தையும் தணிப்பதற்காக மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை ஆகும். இது பென்சோடயசெபின் என்னும் மருந்து வகையைச் சேர்ந்தது. டயசெபாம், லோரசெபாம், குளோனசெபாம் ஆகியவையும் இவ்வகையினவே. இம்மருந்து விரைவில் பலன் தருகிறது. ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டாலே உடல் இதற்குப் பழகிவிடக்கூடும். அதன்பின் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. எனவே மருந்தைத் தொடங்கும்போதே அதை எப்போது, எவ்வாறு நிறுத்துவது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பாதுகாப்பான பயன்பாட்டின் அடிப்படை ஆகும்.

வரலாறு

இவ்வகையின் முதல் மருந்தான குளோர்டயசெப்பாக்சைடை ரோச் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் 1955ஆம் ஆண்டு உருவாக்கினார். அது 1960இலும், டயசெபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் பயன்பட்ட பார்பிட்டுரேட்டு மருந்துகள், அளவு மிகுந்தால் எளிதில் மூச்சை நிறுத்தக்கூடியவை. அவற்றோடு ஒப்பிட்டுப் புதிய மருந்துகள் தீங்கற்றவை என்று கருதப்பட்டன.

அப்ஜான் நிறுவனம் உருவாக்கிய அல்பிரசோலத்துக்கு 1981இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. பீதி நோய்க்கான அனுமதி 1990இல் கிடைத்தது. இதற்கிடையே நீண்டகாலப் பயனர்கள் பலர் மருந்தை விட முடியாமல் தவிப்பது தெரியவந்தது. 1988இல் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, பென்சோடயசெபின்களை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும் தரலாம் என்று அறிவுறுத்தியது. 2020இல் அமெரிக்க நிர்வாகம், தவறான பயன்பாடு, சார்புநிலை, விலகல் விளைவுகள் ஆகியவை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது.

செயற்படும் விதம்

மூளையில் நரம்புச் செல்களின் கிளர்ச்சியை அடக்கும் முக்கிய வேதிப்பொருள் காபா ஆகும். காபா தன் ஏற்பியில் பொருந்தும்போது குளோரைடு அயனிகள் செல்லுக்குள் நுழைந்து அதை அமைதிப்படுத்துகின்றன. அல்பிரசோலம் அதே ஏற்பியின் வேறோர் இடத்தில் பொருந்தி, காபாவின் வேலையை வலுப்படுத்துகிறது. பதற்றம் குறைவதும், தூக்கம் வருவதும், தசைகள் தளர்வதும், நினைவாற்றல் மங்குவதும் இதே செயலின் விளைவுகளே.

உட்கொண்ட ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் மருந்து இரத்தத்தில் உச்ச அளவை அடைகிறது. நலமான பெரியவர்களில் இதன் அரைவாழ்வுக் காலம் சராசரியாக 11 மணி நேரம். முதியவர்களிலும் கல்லீரல் நோயாளிகளிலும் இது நீளும்.

பீதித் தாக்கம் பெரும்பாலும் சுமார் பத்து நிமிடத்தில் உச்சத்தை எட்டி, அரைமணி நேரத்துக்குள் தானே தணியத் தொடங்கும். தாக்கம் தொடங்கிய பின் போடும் மாத்திரை முழுமையாக வேலை செய்வதற்குள் தாக்கம் ஓய்ந்துவிடுவது உண்டு. ஆனாலும் மாத்திரையால்தான் பிழைத்தோம் என்ற நம்பிக்கை மனத்தில் பதிந்துவிடுகிறது. மாத்திரை கையில் இல்லாமல் வெளியே செல்ல அஞ்சும் நிலைக்கும் இது சிலரைக் கொண்டுசெல்கிறது.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

மனப்பதற்றத்துக்கு வழக்கமாக 0.25 அல்லது 0.5 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் மருந்து தொடங்கப்படுகிறது. அளவையும் கால இடைவெளியையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பலன் குறைந்ததாகத் தோன்றினால் தாமாக அளவைக் கூட்டுவதும், ஒரு வேளை தவறியதற்காக அடுத்த வேளை இரண்டாகப் போடுவதும் கூடாது.

* மதுவுடன் எடுத்துக்கொள்ளக் கூடாது. டிரமடால், கோடீன், மார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகளுடன் சேரும்போது மூச்சு அடங்கி உயிரிழப்பு நேரலாம்.
* கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் ஆகிய பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள், இம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் இதன் அளவை மிகுதியாக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றாலும் அளவு கூடும். எனவே வேறு நோய்க்கு மருத்துவரைப் பார்க்கும்போதும் இம்மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
* மயக்கமும் தூக்கக் கலக்கமும் இருக்கும்போது வண்டி ஓட்டுவதையும் இயந்திரங்களை இயக்குவதையும் தவிர்க்க வேண்டும்.
* முதியவர்களுக்குத் தடுமாறி விழுதல், எலும்பு முறிவு, குழப்பம் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகம்.
* உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், கடும் நுரையீரல் நோய் ஆகியவை உள்ளவர்களும், கருவுற்ற, பாலூட்டும் பெண்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
* ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை, அறிகுறிகள் ஒத்திருந்தாலும், வீட்டிலுள்ள வேறொருவருக்குத் தரக் கூடாது.

சார்புநிலையும் நிறுத்தும் முறையும்

தொடர்ந்து மருந்து கிடைக்கும்போது காபா ஏற்பிகளின் உணர்திறன் குறைகிறது. அந்நிலையில் மருந்தை நிறுத்தினால் அடக்குவதற்கு ஆளில்லாத கிளர்ச்சி மேலோங்கும். உறக்கமின்மை, நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். கடுமையான நிலையில் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். மருத்துவர் சொன்ன அளவை மீறாதவர்களுக்கும் இது நேரலாம். இது மன உறுதிக் குறைவு அன்று.

விலகல் அறிகுறிகள் பல, முதலில் இருந்த நோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பது பெரும் சிக்கல் ஆகும். மாத்திரையை விட்டதும் பதற்றம் திரும்புவதைக் கண்டு, நோய் முற்றிவிட்டது என்று எண்ணிப் பலர் மீண்டும் அதையே நாடுகின்றனர். நிறுத்திய சில நாட்களில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறையும் தொல்லைகள் பெரும்பாலும் விலகல் விளைவுகளே.

எனவே மருத்துவரின் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நீண்டகாலம் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு வரை குறைப்பது நடைமுறையில் உள்ளது. தொல்லை மிகுந்தால் குறைப்பதைச் சற்று நிறுத்தி வைக்கலாம். பிரித்தானிய மருத்துவர் எதர் ஆசுடன், நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென ஒரு மருத்துவ மையத்தை நடத்தி, மெதுவாகக் குறைக்கும் முறையைப் பரவலாக்கினார்.

மாற்றுச் சிகிச்சைகள்

பீதி நோய்க்கும் நீடித்த மனப்பதற்றத்துக்கும் செர்ட்ராலின், எசிட்டலோபிராம் போன்ற மருந்துகளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் முதல்நிலைத் தேர்வுகளாகும். இம்மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க மட்டும் சில மருத்துவர்கள் அல்பிரசோலம் போன்ற மருந்தைத் தருவது உண்டு.

இந்தியாவில் சட்டநிலை

அல்பிரசோலம் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்விதியின்படி, மருத்துவரின் சீட்டு இன்றி இதை விற்கக் கூடாது. மருந்துக் கடைக்காரர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் விற்ற அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதந்தோறும் வாங்கிக்கொள்வது, இந்தப் பாதுகாப்பையே பயனற்றதாக்குகிறது.

அவசர நிலை

எழுப்பியும் விழிக்காத உறக்கம், மூச்சு மெதுவாதல், உதடு நீலம் பாய்தல், வலிப்பு ஆகியவை தோன்றினால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். உட்கொண்ட மாத்திரைகளின் அட்டையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முதன்முறையாக வரும் நெஞ்சுவலியையும் மூச்சுத்திணறலையும் பீதித் தாக்கம் என்று தாமாக முடிவு செய்யாமல், இதயநோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். மனநல ஆலோசனைக்கு இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.