தக்காளிக்கு எத்தனை லிட்டர் பை?

மொட்டை மாடியில் தக்காளி வளர்ப்பவர்களுக்குக் கோடையில் தவறாமல் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. காலையில் பை நிறையத் தண்ணீர் விட்டும், உச்சி வெயிலில் செடி ஏன் துவண்டு தொங்குகிறது? ‘இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்’ என்பதுதான் வழக்கமான யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால், குறை பெரும்பாலும் ஊற்றும் அளவில் இல்லை, பையின் அளவில் இருப்பது தெரியும். நன்கு வளர்ந்து காய் பிடித்த ஒரு செடி, கடும் வெயில் நாளில் இரண்டு மூன்று லிட்டர் நீரை இலை வழியே ஆவியாக விட்டுவிடும். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையிலோ, வேர் சிரமமின்றி உறிஞ்சக்கூடிய நீர் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழக் கால் பங்குதான். 10 லிட்டர் பை என்றால் இரண்டரை லிட்டர். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் அடித்துளை வழியே தளத்தில் ஓடிவிடும். 20 லிட்டர் பையில் ஐந்து லிட்டர் தங்கும். மறுநாள் காலை வரை கவலையில்லை. ஒரு முறை தண்ணீர் விட்டபின் அடுத்த முறை வரை எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைப் பையை வாங்கும்போதே நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

வேருக்கான இடமும் சாதாரண விஷயமல்ல. ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் போர்ட்டர் குழுவினர், பல்வேறு செடிகளைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: தொட்டியின் கொள்ளளவை இரு மடங்காக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது. போதாததற்கு, சிறிய பை சீக்கிரம் சூடேறும். வேர் சூடானால் அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். சூடான நீரிலோ ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டின் விளைவு காயில்தான் பளிச்சென்று தெரியும். காயின் அடிப்பக்கம் பழுப்பாகிக் கருத்து, தோல்போல இறுகிக் குழிவிழும். நுனி அழுகல் என்கிறார்கள். பூச்சியோ பூஞ்சையோ இதற்குக் காரணமல்ல. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான் காரணம். கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறும். நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகள் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். மெழுகுத் தோல் போர்த்திய காய்க்கு மிச்சம்தான். பை அடிக்கடி காய்ந்து நனைந்தால் அந்த மிச்சமும் இல்லை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதில் தவறில்லை, ஆனால் அது கரைய மாதங்கள் ஆகும். ஏற்கெனவே கருத்த காய் மீளாது. பலர் கவனிக்காத இன்னொன்று: சரியாகப் பதப்படுத்தாத நார்க்கழிவு தானே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும்.

பசுமைக்குடில்களில் 20 லிட்டரைவிடச் சிறிய பைகளில் தக்காளி காய்த்துக் குலுங்குகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய், பகலில் பல முறை கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடுகிறது. அந்த வசதி இருந்தால் சிறிய பையே போதும். காலை ஒன்பதுக்கு வேலைக்குக் கிளம்பி மாலை வீடு திரும்புகிறவருக்கு அது பொருந்தாது. பெரிய பையில் ஈரம் தேங்கி வேர் அழுகாதா என்பது அடுத்த கேள்வி. நாற்றுப் பருவத்தில் அந்த ஆபத்து உண்டு. அப்போது தண்டைச் சுற்றி மட்டும் அளவாக ஊற்ற வேண்டும். மாடி தாங்குமா என்ற கவலை நியாயமானது. அதற்காகத்தான் மண்ணுக்குப் பதில் நார்க்கழிவு. நனைந்த நிலையிலும் மண் நிரப்பிய பையைவிட எடை மிகவும் குறைவு.

பெரிய பையால் ஆகாத காரியமும் உண்டு. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். அதைத் தண்ணீர் தடுக்காது. அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே காய் பிடிக்கும்படி நாற்று நடுவதும், உச்சி வெயிலில் நிழல்வலை கட்டுவதும்தான் வழி. மதியம் இலை துவண்டதுமே குடத்தோடு மாடிக்கு ஓடவும் வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் மாலையில் செடி தானே நிமிரும்.

பெரியகுளத்தின் பிகேஎம் 1 போன்ற, ஓரளவோடு வளர்ச்சி நிற்கும் ரகத்துக்கும் கோடையில் 20 லிட்டருக்குக் குறையாத பை வேண்டும். வீட்டில் 10 லிட்டர் பைகள்தான் இருக்கின்றனவா? அவற்றில் இப்போதைக்குக் கீரை விதையுங்கள்.