உபாத்தியாயரின் ஓட்டு யாருடையது?

உபாத்தியாயர்கள் அரசியலில் ஈடுபடலாமா என்ற விவாதம் எல்லாத் தேசங்களிலும் நெடுநாளாக நடந்து வருகிறது. ஈடுபடலாகாது என்போர் கட்சியை நாம் சேர்ந்தவரல்லர். பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, எதைக் கற்பிப்பது, கற்பிப்பவருக்கு என்ன சம்பளம் அளிப்பது என்பவையெல்லாம் சட்டசபையில் தீர்மானமாகின்றன. அச்சபைக்கு யார் போகவேண்டும் என்பதில் உபாத்தியாயருக்கு மாத்திரம் அபிப்பிராயம் இருக்கக்கூடாது என்பது நியாயமாகாது. நாம் கவலைகொள்வது வேறொன்றைப் பற்றி. உபாத்தியாயரின் ஓட்டு அவர் கையிலேயே இருக்கிறதா, அல்லது அவர் பெயரைச் சொல்லிச் சங்கத் தலைவர்கள் அதற்கு விலை கூறுகிறார்களா? இவ்விஷயத்தில் மெக்ஸிகோ தேசத்து உபாத்தியாயர் சங்கத்தின் சரித்திரத்தைப்போல் தெளிவான பாடம் வேறில்லை.

அத்தேசத்தில் உபாத்தியாயருக்கு இருந்த கௌரவம் சாமானியமானதன்று. 1910-ல் தொடங்கிய புரட்சிக்குப் பின், 1921-ல் கல்வி இலாகா நிறுவப்பட்டு, ஹோஸே வாஸ்கோன்ஸெலோஸ் அதன் மந்திரியானார். எழுத்தறியாத கிராமங்களுக்கு இளைஞர்களும் யுவதிகளும் புத்தக மூட்டையுடன் சென்றனர். 1930-களில் சர்க்காருக்கும் மதப் பற்றாளருக்கும் மூண்ட பகைமையில் ஆயுதந்தாங்கிய கூட்டத்தார் பல கிராம உபாத்தியாயர்களைக் கொன்றனர். சிலருடைய காதுகளை அறுத்து அனுப்பினர். அப்படியிருந்தும் அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களைத் திறக்க வேறு உபாத்தியாயர்கள் வந்தார்கள். இத்தகைய தியாகத்தினால் வந்த செல்வாக்கையே பின்னால் வந்த அரசியல்வாதிகள் தங்கள் மூலதனமாக்கிக்கொண்டனர்.

சிதறிக் கிடந்த சங்கங்களெல்லாம் 1943-ல் ஒரே தேசீய சங்கமாக இணைக்கப்பட்டன. இணைத்துவைத்ததில் சர்க்காருக்குப் பெரும் பங்கு உண்டு. 1929 முதல் 2000 வரை அத்தேசத்தை இடைவிடாது ஆண்ட கட்சி ஒன்றே. அக்கட்சியின் நிழலில் சங்கம் வளர்ந்தது. வேலைக்குச் சேர்ந்தவர் தாமாகவே அங்கத்தினராவார். சந்தாவைச் சர்க்காரே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்திற்குக் கொடுத்துவிடும். புதிய வேலைகளுக்கு ஆள் சொல்வதிலும், மாற்றல், பதவி உயர்வு ஆகியவற்றிலும் சங்கத்தின் சொல் செல்லும். இவ்வளவுக்கும் கைம்மாறு தேர்தலன்று செலுத்தப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவரும் எல்லா வீட்டாரும் அறிந்தவருமான உபாத்தியாயரைவிடக் கட்சிக்கு வேறு நல்ல ஊழியர் யார் கிடைப்பார்? மாற்றலும் உயர்வும் தலைவர் கையிலிருக்கும்போது, ‘மாட்டேன்’ என்று சொல்லத் துணிபவர் எத்தனை பேர்?

துணிந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. 1958-ல் மெக்ஸிகோ நகரத்து ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்கள் ஒத்தோன் ஸலாஸாரின் தலைமையில் சம்பளத்திற்காகவும் சங்கத்திற்குள் சுதந்திரத்திற்காகவும் போராடினர். ஸலாஸார் சிறை சென்றார். 1972-ல் கார்லோஸ் ஹோங்கிதூத் என்பவர் சங்கத்தைக் கைப்பற்றி, ஆயுட்காலத் தலைவர் என்ற பட்டமும் சூட்டிக்கொண்டார். பின்னர் ஸான் லூயிஸ் பொதொஸி ராஜ்யத்தின் கவர்னராகவும் ஆனார். அவரது ஆதிக்கத்தை எதிர்த்துத் தெற்கத்திய ராஜ்யங்களின் உபாத்தியாயர்கள் 1979-ல் சங்கத்திற்குள்ளேயே ஓர் எதிர் அணியை அமைத்தனர். 1989-ல் பெரியதொரு வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது ஜனாதிபதி ஸாலினாஸ் ஆயுட்காலத் தலைவரை அழைத்துப் பேச, அவர் அன்றே ராஜிநாமாச் செய்தார். அவரிடத்தில் எல்பா எஸ்தர் கொர்தீயோ அம்மையார் அமர்த்தப்பட்டார். ஜனாதிபதி நினைத்தால் இறக்கவும் ஏற்றவும் கூடிய தலைமை யாருக்கு ஊழியம் செய்யும்?

அம்மையார் கெட்டிக்காரர். 2000-ல் பழைய கட்சி தோற்றதும், இனி ஒரே கட்சியை நம்பியிருப்பதில் லாபமில்லை என்பதை உணர்ந்தார். 2005-ல் சங்கத்தின் பலத்தைக்கொண்டு ‘புதிய கூட்டணி’ என்ற தனிக் கட்சியே உருவாயிற்று. 2006 ஜூலையில் நடந்த தேர்தலில் நான்கு கோடிக்கு மேற்பட்ட ஓட்டுகள் பதிவாயின; கால்தெரோன் லோப்பெஸ் ஒப்ரதோரை வென்றது 2,44,000-க்குச் சற்றுக் குறைந்த ஓட்டுகளால், அதாவது நூற்றுக்கு 0.58 வீதத்தால். புதிய கூட்டணியின் ஜனாதிபதி அபேட்சகருக்கு நூற்றுக்கு ஓர் ஓட்டுக்கூடக் கிட்டவில்லை. அன்றைய தினமே பிரதிநிதிகள் சபைக்கு அக்கட்சி நூற்றுக்கு நாலரை ஓட்டுகள் பெற்றது. ஆகவே அக்கட்சியை ஆதரித்தவரில் பெரும்பாலோர் ஜனாதிபதிக்கான ஓட்டை வேறொருவருக்குப் போட்டனர் என்பது வெளிப்படை. யாருக்கு என்பதை ஓட்டுப்பெட்டி சொல்லாது. ஆயினும் கால்தெரோனின் ஆட்சியில் அம்மையாரின் மருமகன் கல்வி இலாகாவில் உபமந்திரியானார். கால்தெரோனுடன் உடன்பாடு இருந்ததை 2011-ல் அம்மையாரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இந்தப் பேரத்தினால் வகுப்பறையில் நின்றவர் அடைந்த பயன் என்ன? 2007-ல் சர்க்கார் ஊழியரின் பென்ஷன் சட்டம் மாற்றப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான நிதிக்குப் பதிலாகத் தனித்தனிக் கணக்கு என்பது அதன் சாரம். தங்கள் முதுமையை அச்சட்டம் பாழாக்கும் என்று அஞ்சிய உபாத்தியாயர்களும் ஏனைய ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் நீதிமன்றங்களை நாடினர். அவர்களுக்காக வழக்காட வேண்டிய சங்கத் தலைமையோ அச்சட்டத்தை ஆதரித்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

குழந்தைகள் இழந்ததும் சிறிதன்று. உபாத்தியாயர் வேலை பல இடங்களில் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்தைப்போல் இறங்கிற்று; சில இடங்களில் பணத்திற்கு விற்கவும்பட்டது. 2013-ல் பள்ளிக்கூடங்களில் முதன்முறையாகக் கணக்கெடுத்தபோது, தங்கள் பள்ளியில் வேலை செய்வதாகப் பட்டியலிலிருந்த சுமார் 39,000 பேரை அப்பள்ளிகளில் இருந்தவர்கள் அங்கே வேலை செய்பவராகச் சொல்லவில்லை.

பழைய கட்சி 2012-ல் பதவிக்குத் திரும்பிற்று. அக்கட்சியிலிருந்து 2006-லேயே நீக்கப்பட்ட அம்மையாருடைய தயவு அதற்குத் தேவைப்படவில்லை. உபாத்தியாயர்களைப் பரீட்சிக்கவும், மூன்று தடவை தேறாதவரை வகுப்பறையினின்றும் விலக்கவும் வழிசெய்த அரசியல் சட்டத் திருத்தம் 2013 பிப்ரவரி 25-ந் தேதி பிரகடனமாயிற்று. மறுநாளே அம்மையார் சங்க நிதியைக் கையாடியதாகக் கைதுசெய்யப்பட்டார். 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டுகளினின்றும் விடுவித்தது. அதை நாம் மறைப்பதற்கில்லை. ஆனால் தலைவரைப் பிடித்தவுடன் சங்கம் அடங்கிவிட்டதே, அது கவனிக்கத்தக்கது. பரீட்சையை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் 1979-ல் பிரிந்த எதிர் அணியினரே. 2016 ஜூனில் ஒஹாக்கா ராஜ்யத்தின் நொசிஸ்த்லான் என்னும் ஊரில் போலீஸாருடன் நேர்ந்த மோதலில் எட்டுப் பேராவது உயிரிழந்தனர்.

எதிர் அணியினர் செய்வதெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. 2006-ல் ஒஹாக்காவில் மாதக்கணக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஏழைக் குழந்தைக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை என்பதை எந்தப் போராட்டமும் மறக்கலாகாது. ஆனால் சங்கத்தின் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டால், அங்கத்தினர் வீதியில்தானே பேசவேண்டியிருக்கும்? தலைமையின் பேரத்திற்கும் வீதியின் கோபத்திற்கும் இடையே மத்தளம்போல் இரு பக்கமும் இடிபட்டவை பள்ளிக்கூடங்களே.

2018-ல் லோப்பெஸ் ஒப்ரதோர் பெருவெற்றி பெற்றார். சங்கத்தின் பலத்தில் பிறந்த புதிய கூட்டணி நூற்றுக்கு மூன்று ஓட்டுக்கூடப் பெறாமல் தேசீயக் கட்சி என்ற பதிவையே இழந்தது. 2019 மே மாதம் 15-ந் தேதி, அத்தேசத்து உபாத்தியாயர் தினத்தன்று, பழைய பரீட்சை முறை ரத்தாயிற்று. அதே மாதம், தொழிற்சங்கத் தலைவர்களை அங்கத்தினரே ரகசிய ஓட்டால் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற சட்டமும் வந்தது. இவ்வளவும் நடந்த பின்னர் 2024-ல் சங்கத்தின் பொதுக் காரியதரிசியே புதிய ஆளுங்கட்சியின் பட்டியலில் இடம்பெற்று செனட்டரானார்! 2025 மே மாதத்தில் எதிர் அணியினர் தலைநகரின் பெரிய மைதானத்தில் கூடாரமிட்டு வேலைநிறுத்தம் செய்தனர்; 2007-ம் வருஷத்துப் பென்ஷன் சட்டத்தை நீக்கவேண்டும் என்பது அவர்களது முதற் கோரிக்கை. மூன்று கட்சிகளுக்குச் சங்கத் தலைமை துணைநின்ற பிறகும், 2007-ல் ஏற்பட்ட புண் ஆறவில்லை.

ஆளுங்கட்சியுடன் நட்பாயிருந்ததனால்தான் சம்பள உயர்வும் சலுகைகளும் கிடைத்தன என்று சங்கத் தலைமையினர் சொல்வர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தயவாகக் கிடைத்ததைத் தயவு நீங்கியவுடன் இழக்கவேண்டியதே. உரிமையாகப் பெற்றதைத்தான் எந்தக் கட்சி வந்தாலும் கேட்டு நிற்கலாம். தோற்கும் என்ற அச்சமோ, பிரிந்து போவார்கள் என்ற அச்சமோ இருந்தால்தான் ஒரு கட்சி ஓட்டருக்குச் செவிசாய்க்கும். முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்ட ஓட்டுக்கு யார் மரியாதை கொடுப்பார்?

சங்கங்கள் அரசியலைத் துறக்கவேண்டியதில்லை. கல்வியைப் பற்றி எல்லா அபேட்சகர்களையும் கேள்வி கேட்கட்டும். அவர்களது பதில்களை அங்கத்தினர் முன் வைக்கட்டும். ஒருவரை ஆதரிப்பதானால் அங்கத்தினரின் ரகசிய ஓட்டைப் பெற்றே ஆதரிக்கட்டும். தேர்தலுக்கான பணம் மனமுவந்து அளிப்பவரிடமிருந்து தனியே வரட்டும்; சம்பளத்தில் பிடித்த சந்தாவை அதற்குத் தொடவேண்டாம். சங்கத் தலைவராயிருப்பவர் அப்பதவியிலிருந்துகொண்டே கட்சியின் பட்டியலில் ஏறவேண்டாம். மாற்றலும் நியமனமும் சங்கத்தின் கையிலோ கட்சியின் கையிலோ இல்லாமல் பொதுவான விதிகளின்படி நடக்கட்டும்.

நாளைய பிரஜைகளுக்கு ஓட்டின் மதிப்பைக் கற்பிக்கவேண்டியவர் உபாத்தியாயர். தம் ஓட்டையே பிறர் கையில் விட்டவர் அப்பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவார்? அதைத் திரும்பப் பெறும் முயற்சி மெக்ஸிகோவில் இன்னும் முடியவில்லை. அம்முயற்சி வெற்றி பெறுவதில் அத்தேசத்து உபாத்தியாயரைவிட அவர் முன் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கே லாபம் அதிகம் என்பது நமது திடமான அபிப்பிராயம்.